நாய்க்கு வைத்த பங்கு

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸுப் பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அங்கே புதிதாக ஸ்கேன் மிஷின் வந்திருக்கிறதாம். வயிற்றின் மேல் ஏதோ பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து நகர்த்தினால், உள்ளே இருக்கிற ஈரல், பித்தப்பை எல்லாம் பெட்டியில் படமாகத் தெரிகிறதாம். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமும் சந்தோஷமுமாக இருந்தது. கர்த்தர் மனுஷனுக்குக் கொடுத்த புத்திதானே இதெல்லாம்.

காப்பி குடித்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள்: "உங்க காலத்துல இதெல்லாம் இல்லீங்களே அம்மா. உள்ளாற என்ன இருக்குதுன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"கேட்டுத்தான் கண்ணு."

"யாரைங்க?"

"கட்டில்ல படுத்திருக்கறவங்களைத்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு பொன்னாத்தாளின் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்று காப்பியும் ஆறிப்போனது. "இதை எழுதிக் குடுங்கம்மா, எங்க கூட இருக்கறவங்களும் படிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதியிருக்கிறேன், ஜெபக் கூட்டத்துக்கு வசனம் எழுதியிருக்கிறேன், வேறொன்றும் எழுதியதில்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில் கோயமுத்தூரில் நர்ஸு வேலைக்குப் பழகினேன். படுக்கை விரிக்கவும், காயம் கட்டவும், மருந்து அளக்கவும் கற்றேன். மயங்கி விழாமல் ரத்தம் பார்க்கவும் கற்றேன். கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்டு வேலை. என்னை ஆபரேஷன் அறைக்கு மாற்றினார்கள். அங்கே என் வேலையை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கொதிக்க வைப்பது. கத்தி, கத்தரி, இடுக்கி, ஊசி, கையுறை, நூல் எல்லாவற்றையும். வீட்டில் சோறு கொதிக்கும், இங்கே கத்தி கொதிக்கும். "உன் சம்சாரம் ரெண்டு எடத்துலயும் அடுப்படிதான் போலிருக்குது" என்று என் வீட்டுக்காரரை அவருடைய சேக்காளிகள் கேலி செய்வார்கள்.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், மெல்லிய குரல். மார்கழிக் குளிரில் வார்டுக்கு வந்தால், முதலில் வெந்நீர்க் கிண்ணத்தில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டுதான் நோயாளியின் வயிற்றைத் தொடுவார். சில்லென்ற கை பட்டால் வயிறு இறுகிக்கொள்ளும், பிறகு உள்ளே ஒன்றும் தட்டுப்படாது என்பார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். மரியாதை கூடிவிடும். எங்களை "வாம்மா, போம்மா" என்றால் பயமில்லை. "வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை.

அவருக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு பாதி புரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக வருகிற நோயாளியோடு நர்ஸு உட்கார்ந்து பேச வேண்டும். டாக்டர் வந்ததும், அவர்கள் சொன்னதை அவர்களுடைய வார்த்தையிலேயே ஒப்பிக்க வேண்டும். நம் வார்த்தை ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. ஒரு தடவை அன்னூர்க்காரர் ஒருவர், "நெஞ்சுக்குள்ள எலி ஓடறாப்பல இருக்குதுங்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் மூத்த நர்ஸம்மா அதை "நெஞ்சு நோவு" என்று சொல்லிவிட்டார். பெரிய டாக்டர் அந்த மனிதரிடமே போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "நர்ஸம்மா, நீங்க உக்காருங்க. அவரு கொண்டாந்த எலியை எங்க விட்டீங்க?" என்றார். அன்றிலிருந்து எலி என்றால் எலி, பூனை என்றால் பூனை.

பொன்னாத்தாள் வந்தது ஒரு பங்குனி மாதம். காங்கேயத்துக்குத் தெற்கே ஏதோ ஒரு காடு; எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். ஆட்டுப்பட்டி வைத்திருக்கிற குடும்பம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கருத்த, உறுதியான பெண். வலது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி. கத்தரிக்காய் தொங்குவதுபோல, மூச்சு விட்டால் மேலும் கீழும் போகும். கூட வந்தவர் அவள் புருஷன் செங்கோடன். கையில் ஆட்டுக்காரர் தடி. அதை வெளியே வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்.

சின்ன டாக்டர் பார்த்தார். கெட்டிக்காரர், நல்லவர், புதிதாகப் படித்து வந்தவர். பித்தப்பையில் கல் அடைத்து வீங்கியிருக்கும், அல்லது சீழ் கோத்திருக்கும் என்று நினைத்தார். ஊசியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அது அன்றைக்கு யாரும் சொல்லக்கூடிய யோசனைதான். பெரிய ஊசியைக் கொதிக்க வைத்துத் தட்டில் எடுத்து வைத்தேன். டாக்டர்கள் வருவதற்குள் பொன்னாத்தாளின் வயிற்றைக் கழுவித் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை நாளா அம்மணி இது?"

"போன ஆடியில தட்டுப்பட்டுதுங் நர்ஸம்மா. எங்க மாமியா மாசமா இருக்கறேன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டாங்க. பக்கத்துக் காட்டுக்காரி கேக்கறா, 'ஏன்டி, எல்லாருக்கும் நடுவுல வளுந்தா உனக்கு மட்டும் ஓரத்துல வளருது'ங்கறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வைத்தியம் ஏதாச்சும் பார்த்தீங்களா?"

"எண்ணெய் தேச்சு நீவி உடற ஆயா ஒருத்தி வந்தாங்க. வெளக்கெண்ணெயைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கிப்போட்டாங்க. அப்பறம் பாருங்க, ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா எந்திரிச்சு, நாக்குத் தடிச்சு, கண்ணு இருட்டிக்கிச்சு. ஆயா பயந்து ஓடிப்போயிட்டாங்க. ஊட்டுல யாருமில்லீங். எம்பட செவலைதான் பட்டிக்கு ஓடி இவரைக் கூட்டியாந்துது."

"செவலைங்கறது யாரு, உன் தம்பியா?"

"நாயிங்க!" என்றாள். என்னைப் பார்த்து, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு செவலையின் பெருமையைச் சொல்லத் தொடங்கினாள். நரி அண்டாது, திருடன் அண்ட மாட்டான். குட்டியிலிருந்து இவள் மடியில்தான் படுக்கும். மூஞ்சியெல்லாம் நக்கும். "நோம்பிக்கு ஆடு அறுத்தா மொதப் பங்கு அதுக்குத்தானுங்க. ஈரல்ல நீர்க்கொப்புளம் இருந்துச்சுன்னா நாங்க திங்க மாட்டமுங்க. அந்த ஈரலை அப்படியே நாய்க்குப் பங்கா வெச்சுருவோம். பட்டி காக்கறதுக்கும் ஒரு பங்கு வேணுமல்லங்க? எங்கப்பன் பட்டியிலயும் இதே வழக்கந்தான். நான் நண்டுஞ்சிண்டுமா இருக்கறப்பவே என் கையாலதான் வெப்பேன்."

பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் வந்தார்கள். சின்ன டாக்டர் ஊசி யோசனையைச் சொன்னார். பெரிய டாக்டர் கையை நனைத்துத் துடைத்து, கட்டியின் மேல் வைத்தபடியே, "இந்தப் பொண்ணு என்ன சொல்லுதா? அவ சொன்ன மாதிரியே சொல்லும்மா" என்றார்.

நான் ஒப்பித்தேன். ஓரத்தில் வளர்கிற பிள்ளையைச் சொன்னபோது சின்ன டாக்டர் சிரித்தார். தடிப்பைச் சொன்னேன். பெரிய டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். செவலையைச் சொன்னேன். நாய்க்குப் பங்கு வைப்பதைச் சொன்னேன். எனக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. அவள் சொன்னதால் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் கட்டியின் மேலிருந்த கையை, தூங்குகிற குழந்தையின் மேலிருந்து எடுப்பதுபோல மெல்ல எடுத்தார்.

"டாக்டர்," என்றார் சின்னவரைப் பார்த்து, "அந்த ஊசியை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு வயித்தை இனி யாரும் அமுக்கக் கூடாது."

வெளியே வந்து எங்கள் இருவருக்கும் விளக்கினார். ஆட்டின் ஈரலில் இருக்கிற அந்த நீர்க்கொப்புளம் ஒரு புழுவின் கூடு. நாய் அதைப் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் சின்னச் சின்னப் புழுவாக வளரும். அதன் முட்டை நாயின் மலத்தில் வந்து, ரோமத்தில் ஒட்டி, கொஞ்சுகிறவர் கையில் ஏறி, வாய்க்குள் போகும். மனிதர் உடம்பில் மறுபடியும் கொப்புளமாகி, வருஷக்கணக்கில் மெல்ல வளரும். ஈரலில் வருவதுதான் வழக்கம். இது தொங்குகிற விதத்தைப் பார்த்தால் பித்தப்பையில் இருக்கிறது, அங்கே வந்து உட்காருவதைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார். உள்ளே இருக்கிற நீர் கசிந்தால் உடம்புக்கு விஷம். அந்த ஆயா அமுக்கியபோது ஒரு சொட்டுக் கசிந்ததற்குத்தான் அந்தத் தடிப்பும் மயக்கமும். ஊசியால் குத்தியிருந்தால் கட்டிலிலேயே உயிர் போயிருக்கலாம். சிந்திய இடமெல்லாம் புதுக் கொப்புளம் முளைத்தும் இருக்கலாம். சின்ன டாக்டர் முகம் வெளுத்துப் போனார். பெரியவர் அவர் தோளைத் தட்டி, "எனக்கும் கல்லுன்னுதான்யா முதல்ல தோணுச்சு" என்றார்.

தோன்றினால் போதாது, உறுதி செய்ய வேண்டும். அப்போது அதற்கு ஒரு சோதனை இருந்தது. ஆடு அறுக்கும் கொட்டகையில் சொல்லிவைத்து, கொப்புளம் உள்ள ஈரலை வரவழைத்தார். அந்தக் கொப்புளத்து நீரை எடுத்தால் ஊற்றுத் தண்ணீர் மாதிரி அத்தனை தெளிவு. நுண்ணிய வடிகட்டியில் வடித்து, கிருமி இல்லையென்று தெரியச் சில நாள் வைத்துப் பார்த்து, அதில் ஒரு துளியைப் பொன்னாத்தாளின் ஒரு கையில் தோலுக்குள் ஏற்றினார். மறு கையில் வெறும் உப்பு நீர். நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு நீர் ஏற்றிய இடம் அப்படியே அடங்கிப்போனது. மற்றக் கையில் வெள்ளையாக ஒரு தடிப்பு எழும்பி, பூரான் மாதிரி நாலு பக்கமும் கால் நீட்டிப் படர்ந்தது.

"இதாங்க! அன்னைக்கு ஒடம்பெல்லாம் வந்தது இதே மாதிரித்தானுங்க!" என்று பொன்னாத்தாள் கத்தினாள். படித்த எங்கள் டாக்டர் ஒரு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

நோய் தெரிந்துவிட்டது. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வேறொரு சிக்கல் வந்தது. செங்கோடனுக்கு விவரம் எட்டிவிட்டது. நாயால்தான் கட்டி வந்தது என்ற மட்டும் அவர் மனதில் நின்றது. தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

"நான் ஊருக்குப் போயி அந்தச் சனியனை ஒரே அடியில முடிச்சுப்போட்டு வாரேன். அப்பறம் வயித்தை அறுங்க."

பொன்னாத்தாள் கட்டிலை விட்டு இறங்கி நின்றாள். "அதத் தொட்டீங்கன்னா நான் இந்தக் கட்டியோடயே போறேன். ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"உன்னைக் கொல்லப் பார்த்த நாயிடீ!"

"உங்களைக் கூட்டியாந்து என்னைக் காப்பாத்தினதும் அந்த நாயிதானுங்க!"

வார்டே வேடிக்கை பார்த்தது. எவ்வளவோ சொல்லியும் அவள் படுக்க மாட்டேன் என்றாள்.  அந்தக் கட்டியோடு அவள் பஸ்ஸில் குலுங்கிக் காங்கேயம் போய்ச் சேர்வதை நினைத்துப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாங்க செங்கோடன், உக்காருங்க" என்றார். எனக்குத் தெரியும் அந்த மரியாதை!

"நாய் என்ன தப்புப் பண்ணுச்சு? நீங்க வெச்சதைத் தின்னுச்சு. ஆடு என்ன பண்ணும்? காட்டுல கெடந்த புல்லை மேஞ்சுது. உங்க சம்சாரம் பங்கு வெச்சதும் தப்பில்ல. காவல் காக்கறதுக்குப் பங்கு உண்டுன்னா அது நியாயந்தான். பச்சையா வெச்சீங்க பாருங்க, அது ஒண்ணுதான் தப்பு. கொப்புளம் உள்ள ஈரலை நல்லா வேக வெச்சுப் போடுங்க, இல்லைன்னா ஆழமாக் குழி வெட்டிப் பொதைங்க. நாயைத் தொட்டா கையைக் கழுவுங்க. அந்த நாயைக் கொன்னு அடுத்த நாய்க்கும் பச்சையாப் போட்டீங்கன்னா, அடுத்த கட்டி உங்க வயித்துல வளரும்."

செங்கோடன் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். "நாயிக்குச் சமைச்சுப் போடச் சொல்றீங்களாங்? எனக்கே காலையில பழைய சோறுதானுங்க!"

வார்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பொன்னாத்தாளும் சிரித்தாள். ஆனால் படுக்கவில்லை. "சிவன்மலையான் மேல சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றாள். தடியைக் கீழே போட்டுவிட்டு அவர் சத்தியம் செய்தார். நான் வேதக்காரி. ஆனால் அந்தச் சத்தியத்துக்கு நானும் மனதுக்குள் ஆமென் சொன்னேன்.

பெரிய டாக்டர் எழுந்திருக்கும்போது என்னிடம், "கறுப்புத் துணி வேணும்மா" என்றார். கொப்புளத்துக்குள் மணல் மாதிரி வெள்ளைத் துகள் இருக்கும், வெள்ளைத் துணியில் சிந்தினால் கண்ணுக்குத் தெரியாது என்றார். எக்ஸ்ரே இருட்டறைக்கு வாங்கி வைத்திருந்த திரைத்துணி மிச்சம் இருந்தது. அதை வெட்டி விளிம்பு தைத்துக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் மை மாதிரி ஆனது. சாயம் வயிற்றுக்குள் இறங்கிவிடக் கூடாதே! அதைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வைத்தேன். மறுபடியும் கறுப்பு. தண்ணீர் தெளிகிற வரைக்கும் நான் அடுப்பை விட்டு நகரவில்லை. பொன்னாத்தாள் வராந்தாவில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் நர்ஸம்மா, இங்கயும் அடுப்புத்தானா?"

"அடுப்பு இல்லாட்டி ஆஸ்பத்திரியே இல்ல கண்ணு."

மறுநாள் காலை, ஈதர் கொடுத்து அவள் தூங்கியதும், விலாவுக்குக் கீழே கீறித் திறந்தார்கள். ஈரல் சுத்தமாக இருந்தது. பித்தப்பை மட்டும், பச்சையும் நீலமுமாகச் சுருங்கிக் கிடக்க வேண்டியது, சாம்பல் வெள்ளையாக, விறைத்து, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிதாகிப் புடைத்து நின்றது. சுற்றிலும் மருந்தில் நனைத்துப் பிழிந்த கறுப்புத் துணிகளை நான் ஒவ்வொன்றாக நீட்ட, அவர் வரப்புக் கட்டுவதுபோல அடுக்கினார். பிறகு ஈரலிலிருந்து பையைப் பிரித்துக்கொண்டே வந்தார்.

பாதியில் மயக்கம் இலேசாகி, உடம்பு தூக்கிப்போட அவள் இருமினாள். வயிறு முழுதும் எழும்பியது. பை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. இதோ வெடித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சின்ன டாக்டர் இடுக்கியை நீட்டினார். பெரியவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, உள்ளங்கையைக் குவித்து அந்தப் பையின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. அது எழும்பியபோது கையும் எழும்பியது, இறங்கியபோது இறங்கியது. குஞ்சைப் பொத்திப் பிடிக்கிற மாதிரி.  ஈதர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, அந்தக் கையோடு கூட இரும்" என்று நான் ஜெபித்தேன். இருமல் அடங்கியது. மூச்சு சீரானது. அவர் குனிந்து கறுப்புத் துணியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒரு வெள்ளைத் துகள்கூட இல்லை.

நாளத்தை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் நறுக்கி, பையை முழுசாக எடுத்து என் எனாமல் பேசினில் வைத்தார். என் கையில் அதன் கனம் இன்னும் இருக்கிறது.

தையல் போட்டு அவளை வார்டுக்கு அனுப்பிய பிறகுதான் அதைத் திறந்தார்கள். கொஞ்சம் பித்தநீர். அதற்குள் தோல் உரித்த நுங்கு மாதிரி ஒரு வெள்ளை உருண்டை. அதற்குள் தெளிந்த நீர். நீரில் வெந்த ஜவ்வரிசி மாதிரிக் குட்டிக் கொப்புளங்கள். அடியில் மணல். அந்த மணலில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சின்ன டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பிறகு, "வாம்மா, நீயும் பாரு" என்றார்.

நான் அதற்கு முன் அந்தக் கருவியைத் துடைத்திருக்கிறேனே தவிர, அதற்குள் பார்த்ததில்லை. பார்த்தேன். ஒரு சின்ன உருண்டையின் தலையில் வட்டமாகக் கொக்கிகள், கிரீடம் வைத்த மாதிரி. கண்ணுக்கே தெரியாத ஒரு துகளுக்கு இத்தனை வேலைப்பாடா! பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது. "நீ ஒப்பிச்ச பங்கு இதுதாம்மா" என்றார் அவர்.

பின்னொரு நாள் அவர் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னாராம். நாய்க்குப் பங்கு என்பதை அங்கேயும் அவள் வார்த்தையிலேயே சொல்லிவிட்டுத்தான், பிறகு இங்கிலீஷில் விளக்கினாராம். சின்ன டாக்டர் வந்து சொன்னார். அன்றைக்கு வீட்டில் கருப்பட்டிப் பணியாரம் சுட்டேன். எதற்கென்று வீட்டுக்காரர் கேட்டார். காரணத்தைச் சொன்னதும், அவர் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.

பொன்னாத்தாள் நன்றாகக் குணமாகி ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு செய்தியில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் வராந்தாவில், "ஏனுங் நர்ஸம்மா!" என்று குரல். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, பின்னால் தடியோடு செங்கோடன்.

"இது நடுவுலதானுங்க வளுந்துது!" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "பக்கத்துக் காட்டுக்காரியைக் கூப்புட்டுக் காட்டிப்போட்டேன்!"

நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, கேட்கத் தயங்கித்தான் கேட்டேன். "செவலை?"

"இருக்குதுங். கெழடாயிப்போச்சு. பட்டிக்குக் காவலுக்கு அது மகன்தான் இப்ப."

செங்கோடன் இடைமறித்தார். "நாயிக்கு விருந்து வெக்கிற பட்டின்னு எங்களைக் கேலி பண்ணுனாங்க. இப்பப் பாருங்க, அக்கம்பக்கத்துப் பட்டியிலயெல்லாம் அடுப்பு மூட்டறாங்க. எம்பட கதிதான் மாறலைங், அதே பழைய சோறு!"

பொன்னாத்தாள் அவரைத் தோளில் இடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நேரம் வேக வெக்கணும்னு எல்லாரும் எங்கிட்டத்தானுங்க கேக்கறாங்க. பெரிய டாக்டர் சொன்னது எனக்கு மறந்துபோச்சுங். நீங்க அந்தக் கறுப்புத் துணியை வெச்சுக்கிட்டு நின்னீங்களே, அதான் கண்ணுல நிக்குது. 'நர்ஸம்மா பாதியில எந்திரிச்சுப் போவல, தண்ணி தெளியற வரைக்கும் நின்னாங்க. நீங்களும் நில்லுங்க'ன்னு சொல்லிப்போடுவேன்."

நான் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், நல்ல வார்த்தை நாலு பேசினார்கள். எல்லாம் கர்த்தருடைய கிருபை. ஆனால் என் வேலைக்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டுமானால், காங்கேயத்துக்குத் தெற்கே அந்தப் பட்டிகளில் எரிந்த அடுப்பைத்தான் நான் காட்டுவேன்.